கோயிலைச் சுற்றி வாழ்வோர்

(குடும்பங்களிலும் சிறு கூட்டங்களிலும் வாசித்துச் சிந்திக்க. முன்னதாக வாசிக்க வேண்டிய வேதாகமப் பகுதிகள்: எரேமியாஸ் 29:4–7, லூக்காஸ் 10:25–37, 1 கொரிந்தியர் 11:17–34)

உடப்புசல்லாவைப் பகுதியிலுள்ள தோட்டம் ஒன்றில் புனித அந்தோனியார் திருவிழாவுக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தேன். சிறிய கோயில். தகரக் கூரை. திருவிழாவை முன்னிட்டு வெள்ளையடித்து, கதவுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். திருப்பலி முடிந்து, கொடி இறக்கி, வந்தவர் எல்லோருக்கும் கடலையும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் பெரியவர் ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் நெடுங்காலம் இருந்தவர் என்று உபதேசியார் அறிமுகம் செய்துவைத்தார்.

“சாமி, கோயில் ரொம்ப அழகா இருக்கு. ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இது வருசத்துல எத்தன நாள் தெறந்திருக்கும்?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. நான் மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன். மாதம் ஒரு பூசை என்றால் பன்னிரண்டு நாள். நவநாளும் திருவிழாவும் சேர்ந்து பத்து நாள். நத்தார், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு. ஒன்றிரண்டு கலியாணம், ஒன்றிரண்டு சாவு. முப்பது நாளைத் தாண்டவில்லை. முப்பது என்றே சொன்னேன்.

“எங்க கோயில் மட்டும் என்ன, அதுவும் அப்படித்தான். ஆனா உங்க ஆளுங்கள்ல படிச்சவங்க இருக்காங்க. மாஸ்டர்மாரு இருக்காங்க. அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து எழுந்து போனார்.

இந்தப் பாடம் அவருடைய கேள்வியிலிருந்து பிறந்தது. நம் கோயில் நமக்கு எதற்கு என்பது நமக்குத் தெரியும். கோயிலைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு, அதிலும் நம் ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு, அது எதற்கு? நாளைக்கே அந்தக் கோயிலை ஒரேயடியாகப் பூட்டிவிட்டால் மாரியம்மன் கோயில் கமிட்டிப் பெரியவருக்கு ஏதேனும் குறைந்துபோகுமா?

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நாம் ‘பங்கு’ என்கிறோம். பங்குக் கோயில், பங்குத் தந்தை, பங்கு மக்கள். தமிழில் பங்கு என்றால் பாகம். ஆகவே, நமக்கென்று பிரித்துக் கொடுக்கப்பட்ட பாகம் என்றே எண்ணிக்கொள்கிறோம். எங்கள் பங்கு, எங்கள் ஆட்கள், எங்கள் கோயில் என்று வேலி வளர்ந்துவிடுகிறது. ஆனால் ஆதித் திருச்சபை இதற்கு வழங்கிய கிரேக்கச் சொல் ‘பரோய்க்கியா’ என்பது. அதில் பாகம் என்ற பொருளே இல்லை. ஓர் ஊரில் சொந்த உரிமை இல்லாமல், அவ்வூராரின் அயலில் குடியிருப்பவர்களின் வாழ்க்கை என்பதே அதன் பொருள். அரச. இராயப்பர் தமது முதல் நிருபத்தில் (2:11) கிறிஸ்தவர்களை அந்நியரும் வழிப்போக்கரும் என்று அழைக்கும்போது இதே குடும்பத்தைச் சேர்ந்த சொல்லையே ஆளுகிறார்.

குருமடத்தில் இச்சொல்லை விளக்கக் கேட்டபோது எனக்கு அது வெறும் இலக்கணம். மலைநாட்டுக்கு வந்த பிறகே அதன் சூடு தெரிந்தது. அயலில் குடியிருக்கலாம், உரிமை கேட்கக் கூடாது என்ற நிலை என்ன என்பதை உலகத்தில் வேறு எந்தக் கத்தோலிக்க மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தாலும் நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டது. (இதுவும் ஒரு ‘பங்கு’தான்.) எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

எனவே ‘பங்கு’ என்ற நிறுவனமே அந்நியராய் வாழ்ந்தவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அதன் வாடை இன்னும் இருக்கிறது. பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்பைச் சார்ந்தது என்று 518ஆம் சட்டம் சொல்லுகிறது. பங்குத் தந்தை யாரைத் தனிக் கவனத்தோடு தேடிப் போக வேண்டும் என்று 529ஆம் சட்டம் வரிசைப்படுத்தும்போது ஏழைகள், துன்புறுவோர், தனித்திருப்போர், சொந்த நாட்டை இழந்தோர் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. 771ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு இன்னும் ஒரு படி போய், அந்நிலப்பரப்பில் வாழும் விசுவாசிகள் அல்லாதோரும் குருக்களின் ஆன்ம கவலைக்குள் அடங்கியவர்களே என்கிறது. அப்படியானால், தோட்டத்தில் நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்களும் முந்நூறு இந்துக் குடும்பங்களும் இருந்தால், பங்குத் தந்தைக்குப் பொறுப்பு நாற்பது வீடல்ல. முந்நூற்று நாற்பது வீடு. இதை நான் முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இனி எரேமியாஸ் இறைவாக்கினரின் கடிதத்துக்கு வருவோம். கிறிஸ்துவுக்கு முன் 597இல் பபிலோனியர் யூதர்களில் ஒரு பகுதியைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார்கள். இரண்டே ஆண்டில் திரும்பிவிடலாம் என்று ஹனனியா என்பவன் மக்களுக்கு இனிப்பாகப் பேசினான். எரேமியாஸ் அப்படிப் பேசவில்லை. கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள் என்றார். அதோடு நிற்காமல், உங்களைச் சிறைப்பிடித்த அந்த நகரத்தின் நலனையே தேடுங்கள், அதற்காகவே செபியுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலமும் இருக்கிறது என்றார்.

இதை வாசித்துவிட்டு உடப்புசல்லாவை மலைகளைப் பாருங்கள். தோட்டம் போடுங்கள் என்றாரே, நம் முன்னோர் போட்டார்கள். உடப்புசல்லாவைத் தேயிலை என்று தனிப் பெயரே உலகச் சந்தையில் இருக்கிறது. அந்தத் தேயிலையை இறக்குவதற்காக நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சின்ன இரயில் பாதையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டார்கள். 1940களில் அது மூடப்பட்டது. தேயிலைப் பெட்டிக்கு இரயில் வந்தது. இரயில் போயும் விட்டது. தேயிலை பறித்தவர்களின் லயக் காம்பராக்கள் பல அந்நாளில் கட்டியபடியே நிற்கின்றன. வீடு கட்டுங்கள் என்று எரேமியாஸ் சொன்னபடி செய்ய நம் மக்களுக்கு ஒரு பேர்ச் காணியும் சொந்தமாய் இருக்கவில்லை. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்ற பேச்சு வந்ததே 2015க்குப் பிறகுதான்.

ஆகவே நம்மைப் பொறுத்தமட்டில் ‘ஊரின் நலனைத் தேடுதல்’ என்பது மேடைப் பேச்சு அல்ல. காணி, வீடு, அடையாள அட்டை, சேமலாப நிதி, பள்ளிக்கூடம், மண்சரிவு ஆகியவையே அந்த நலன். இவற்றில் எதுவும் கத்தோலிக்கருக்கு ஒரு மாதிரியும் சைவருக்கு வேறு மாதிரியும் வருவதில்லை. மண் சரியும்போது லயம் முழுவதும்தான் சரிகிறது.

இவ்விடத்தில் நம் மறைமாவட்டத்தின் மண்ணிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாய்ப் பார்ப்பது நல்லது. எல்லோருக்கும் தெரிந்த கதை என்று தாண்டிப் போகிறோம். ஆனால் அதில் நாம் கவனியாத ஓர் அம்சம் இருக்கிறது.

கோவா நாட்டவரான புனித யோசப் வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கரையோரங்களில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்த காலம். கூலியாள் போலவும் பிச்சைக்காரர் போலவும் வேடம் பூண்டு யாழ்ப்பாணப் பகுதியில் பணி செய்தார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிலடைத்தார்கள். அவருக்கு இந்நாட்டில் குடியுரிமை இல்லை. பின்னால் நிற்கப் படை இல்லை. கண்டியில் அன்று இருந்த கத்தோலிக்கரோ மிகச் சிலர்.

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அம்மையின் அச்சம் என்ன என்பதை, மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டமே அரிதான நம் மலைநாட்டில் விளக்கத் தேவையில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் நகரை விட்டு அகன்றார். பிரபுக்களும் அகன்றார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். யோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான யோசப் டி கார்வாலோ என்ற குருவும் நகரில் தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடி எடுத்து, ஆளற்ற வீடுகளில் சேர்த்துவைத்து, கழுவி, கஞ்சி கொடுத்து, மருந்திட்டு, இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, நோய் தணியும்வரை. பெளத்தரா, கத்தோலிக்கரா என்று வேறுபாடு பார்க்கவில்லை. அதன் பின் கண்டியில் அடிகளாருக்கு இருந்த மதிப்பே வேறு. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர் நீத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் அவரை 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் புனிதராக அறிவித்தபோது நம் தோட்டங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாய்ப் போனோம்.

நாம் கவனியாத அம்சம் என்னவென்றால், அடிகளார் இதைக் கோயிலின் ‘உபரி வேலை’யாகச் செய்யவில்லை. முதலில் நம் ஆட்களைக் கவனிப்போம், மிஞ்சினால் மற்றவர்கள் என்று அவர் கணக்கிட்டிருந்தால் சில நாட்களிலேயே வேலை முடிந்திருக்கும். அவ்வளவு சிலரே இருந்தார்கள். ஊர் முழுவதும் தம் பங்கு என்று எண்ணியதால்தான் அவருக்கு வேலை முடியவே இல்லை. 771ஆம் சட்டம் எழுதப்படுவதற்கு இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அதைக் கடைப்பிடித்துவிட்டார்.

அதற்குப் பின் வந்த காலத்தை மனச்சாட்சியோடு பார்க்க வேண்டும். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டத்துக் கோயில்கள் பெரும்பாலும் கம்பனிக் காணியில் நின்றன. துரையின் தயவு இருந்தால் கோயில். தயவின் விலை பெரும்பாலும் மௌனமாய் இருந்தது. பெரட்டில் பேர் வெட்டப்பட்டதையும், பிள்ளைக் காம்பராவின் நிலையையும், சம்பளத்தையும் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டவர்கள் குறைவு. எத்தனையோ தியாகமுள்ள குருக்களும் கன்னியரும் உபதேசியார்களும் இருந்தார்கள், மழையில் மைல்கணக்காய் நடந்தார்கள் என்பது உண்மை. மௌனம் இருந்தது என்பதும் உண்மை.

அந்த மௌனம் கலைந்த ஆண்டுகளில் ஒன்று 1972. 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, அவ்வாண்டு பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, பழைய பெரிய மறைமாவட்டத்தை விட்டு, ஏழைகள் மிகுந்த அந்தப் புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராய்ப் போனார். அதே ஆண்டில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் ‘சத்தியோதய’ என்னும் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே சிங்களவரும் தமிழரும், பெளத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். தோட்டத்துத் தொழிலாளியையும் தோட்டத்துக்கு அடுத்த சிங்களக் கிராமத்து விவசாயியையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசச் செய்வதே அவர்களுடைய முக்கிய வேலையாயிருந்தது. காணியில்லாத விவசாயியும் நாடில்லாத தொழிலாளியும் ஒருவரையொருவர் எதிரி என்று நினைத்திருந்த காலம் அது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் குறைந்து தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் ஒன்றும், 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கமும் உருவானதில் கஸ்பர்ஸ் அடிகளாரின் கை இருந்தது. 2017இல் அவர் காலமானார்.

இவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. 1977இலும் 1981இலும் 1983இலும் மலைநாட்டுத் தமிழர் தாக்கப்பட்டதைச் சத்தியோதய தடுத்துவிட முடியவில்லை. என்றாலும், கிறிஸ்தவர் அல்லாத ஒரு தொழிலாளி, “அங்கே போனால் கேட்பார்கள்” என்று சொல்லக்கூடிய ஒரு கதவு கண்டியில் திறந்திருந்தது.

கேள்வியை இப்போது நம் சிறு கோயிலுக்குக் கொண்டுவருவோம். எல்லாப் பங்கிலும் ஒரு யோசப் வாசோ ஒரு கஸ்பர்ஸோ இருப்பதில்லை. அப்படிப்பட்டவர் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு வகைச் சோம்பல்தான். மாரியம்மன் கோயில் பெரியவர் மகான்களைக் கேட்கவில்லை. “உங்க ஆளுங்கள்ல படிச்சவங்க இருக்காங்க” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதன் எடை எனக்குத் தெரியும். ஏனென்று சொல்லுகிறேன்.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு தோட்டத்தில் மாதப் பூசை முடித்து வெளியே வந்தேன். கோயிலுக்கு வெளியே, பூசை முடியும்வரை தூறலில் காத்து நின்ற ஓர் அம்மா, சேலை மடிப்பிலிருந்து பழுப்பு நிற உறை ஒன்றை எடுத்து நீட்டினார். நம் கோயிலைச் சேர்ந்தவர் அல்ல. கணவர் இறந்து சில மாதம். கடிதம் சிங்களத்தில் இருந்தது. “என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க பாதர்” என்றார். அடுத்த தோட்டத்தில் பூசைக்கு நேரமாகிவிட்டது. ஜீப் நின்றுகொண்டிருந்தது. “அடுத்த மாசம் வரும்போது கொண்டுவாங்கம்மா, ஆறுதலாப் பார்ப்போம்” என்று சொல்லி ஏறிவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. விசாரித்து அவருடைய காம்பராவுக்குப் போனேன். கணவரின் சேமலாப நிதிக்காக, இன்ன திகதிக்குள் இன்ன பத்திரங்களோடு வாருங்கள் என்பதே கடிதம். திகதி கடந்துவிட்டது. கடைத்தெருவில் ஒருவருக்குக் காசு கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். போதாததற்குக் கணவரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், தோட்டத்துப் பேரேட்டில் வேறு விதமாகவும், கலியாணச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி அந்தப் பணம் அவர் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டாயிற்று. மூத்த மகள் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சிங்களம் நன்றாய் வாசிக்க வரும். ஐந்து நிமிட வேலை. லூக்காஸ் நற்செய்தியில் வரும் அந்தக் குருவும் எருசலேமிலிருந்து கீழே இறங்கி வந்துகொண்டிருந்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒருவேளை ஆலயத்தில் தம் முறைப் பணியை ஒழுங்காய் முடித்துவிட்டே வந்திருப்பார். அவரைக் கெட்டவர் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அவருக்கு நேரமாகியிருந்தது என்பது இப்போது விளங்குகிறது.

சட்ட அறிஞன், “என் அயலான் யார்?” என்று கேட்டான். வேலி எதுவரை என்று தெரிந்துகொள்ள விரும்பினான். ஆண்டவர் கதையைச் சொல்லி முடித்து, அடிபட்டவனுக்கு அயலானாய் நடந்துகொண்டவன் யார் என்று கேள்வியைத் திருப்பிவிட்டார். சமாரியன் செய்தவற்றைச் சிறுவர்களிடம் சொல்லிப் பட்டியலிடச் சொல்லுங்கள். எண்ணெய், திராட்சை இரசம், கட்டுத் துணி, வாகன மிருகம், சத்திரம், இரண்டு தெனாரியம். எல்லாம் அவன் கையில் ஏற்கனவே இருந்தவை. புதிதாய் எதையும் வாங்கவில்லை.

நம் கையில் இருப்பவை எவை? சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். படிவம் நிரப்பத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார். பொதுப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கக் கூரையும், பெஞ்சும், ஒரு மணியும் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது, நாம் அதன் மதிப்பை அறிவதில்லை: ஞானஸ்நானப் பதிவேடு. பிறப்பைக் காலத்தில் பதியாதவர்கள் பிற்பாடு பதிய விண்ணப்பிக்கும்போது, பள்ளிச் சான்று, ஜாதகம் போல ஞானஸ்நானச் சான்றிதழும் துணைப் பத்திரமாய் நிற்கிறது. அவசரத்தில் ஒரு குருவானவர் பெயரைத் தவறாக எழுதினால், அதன் வினை ஐம்பது ஆண்டு கழித்து ஓர் அலுவலகச் சன்னலில் தெரியும். ஆகவே பதிவேட்டைத் தெளிவாய் எழுதுவதும் ஒரு பிறர்சிநேகச் செயல்தான் என்று உடன் குருக்களுக்கும் சொல்லத் துணிகிறேன்.

இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது, “இதெல்லாம் ஆட்களைச் சேர்க்கும் தந்திரம் என்று சொல்லமாட்டார்களா?” சொல்லுவார்கள். சொல்லுவதற்குக் காரணமும் உண்டு. நோயாளிக்கு அரிசிப் பையைக் கொடுத்து, அடுத்த வாரம் செபத்துக்கு வந்தாயா என்று கேட்கிற சிலர் இம்மலைகளில் சுற்றத்தான் செய்கிறார்கள். 2004இல் மதமாற்றத் தடைச் சட்ட மசோதா கொண்டுவரப்பட்ட அளவுக்குச் சந்தேகம் முற்றியது. திருச்சபையின் போதனை தெளிவானது. திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் 2005இல் எழுதிய ‘கடவுள் அன்பே’ என்னும் சுற்றுமடலின் 31ஆம் பகுதியில், அன்புப் பணியை மதம் சேர்ப்பதற்குக் கருவியாக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஆகவே கடிதம் வாசிக்க வருகிறவரிடம் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். மேசையில் துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டாம். கூடுமானால் மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவரையும் அந்த மேசையில் உட்காரச் சொல்லுவோம். சத்தியோதயவில் செய்தது அதுதானே?

இரண்டாவது ஆட்சேபம் பக்தியுள்ளவர்களிடமிருந்து வரும்: “கோயில் செப வீடு, அதைக் கச்சேரியாக்கலாமா?” இது மரியாதைக்குரிய கேள்வி. ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் அரச. சின்னப்பர் யார் மேல் கோபப்படுகிறார்? செபிக்காதவர்கள் மேல் அல்ல. கூடி வந்து ஆண்டவருடைய விருந்தை உண்ணுகிறவர்கள் மேலேயே கோபப்படுகிறார். ஒருவன் பசித்திருக்க மற்றவன் வெறித்திருப்பதால், நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்ற கருத்தில் கண்டிக்கிறார். பசித்தவனைக் கவனியாமை பூசைக்கு வெளியே நிற்கும் குறை என்று அவர் சொல்லவில்லை. பூசையையே அது தொட்டுவிடுகிறது என்கிறார். 1965 டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் முதல் பகுதியும், மக்களின் மகிழ்ச்சியும் துயரமும் கிறிஸ்துவின் சீடருடையவையும் ஆகும் என்ற இதே திசையில்தான் தொடங்குகிறது. பீடத்தின் பக்கம் மேசை போட வேண்டியதில்லை. கோயிலின் முன்விறாந்தை போதும்.

திறந்த கதவு பற்றி இன்னும் ஒன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்திருக்கமாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். மக்களுக்குப் போக இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தபோதும், இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பள்ளிக்கூடத்தையும் கோயில்களையும்தான் தேடினார்கள். அப்படி ஓடிவருகிறவர்கள் இருட்டில் முதலில் கேட்பது, சாவி யாரிடம் என்பதே. உபதேசியார் கீழ் டிவிசனில் இருந்து, இடையில் பாதை அடைபட்டுவிட்டால்? சாவி ஒன்று லயத்துப் பக்கம் இருக்கட்டும். அது ஒரு கத்தோலிக்க வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அந்தப் பெரியவரின் தோட்டத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். பெரிதாய் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு திறக்கிறது. இரண்டு ஆசிரியர்களும், உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையும் விறாந்தையில் உட்காருகிறார்கள். முதல் மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. நாலாம் வாரம் ஒருவர் வந்தார், அதுவும் மின்சாரப் பில்லைக் காட்ட. பிறகு மெல்ல மெல்ல வருகிறார்கள். சில சனிக்கிழமைகளில் ஒருவரும் இல்லை. நம் ஆட்களிலேயே சிலர், “கோயில் பெஞ்சு தேய்கிறது” என்று என்னிடம் முறைப்பாடு சொன்னார்கள்.

இவ்வாரம் வீட்டில் செபமாலை முடிந்த பின் ஒரு வேலை செய்யுங்கள். தகரப் பெட்டியிலிருக்கும் பத்திரங்களை எடுத்துப் பாயில் பரப்புங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், சேமலாப நிதிக் கணக்குத் தாள், பிள்ளையின் பள்ளிக்கூட அட்டை. பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி ஆகியவற்றைச் சிங்கள எழுத்திலும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிப் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் காகிதத்தில் குறித்துக்கொள்ளட்டும். முடிந்ததும் அந்தப் பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவுக்கும் அனுப்புங்கள். அவர்களுடைய பெட்டியிலும் இதே பத்திரங்கள்தான் இருக்கும்.